குல்மார்க் போகிறேன், ஒரே ஒரு ஜோடி ஸ்கீதான் எடுத்துப்போக முடியும். எவ்வளவு அகலம், எந்த பைண்டிங்?

குல்மார்க் காஷ்மீரில் உள்ள பனிச்சறுக்கு இடம். பைண்டிங் என்பது பூட்டை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது விடுவிக்கும் கருவி. கேட்டவர் தந்த விவரம் இவ்வளவு: உயரம் 175 செ.மீ., எடை 75 கிலோ, வயது 34. இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய பாதைகளில் வேகமாகச் சறுக்குவார், பவுடரில், அதாவது ஆழமான தளர்ந்த புதுப்பனியில், பழக்கம் கொஞ்சம். இப்போது வைத்திருப்பது நடு அகலம் 82 மி.மீ. உள்ள ஸ்கீ. பூட் கிரிப்வாக் என்னும் ரப்பர் கலந்த அடி கொண்டது, அடி நீளம் 315 மி.மீ. பிப்ரவரியில் பத்து நாள். 118 மி.மீ. ஸ்கீ வாங்கிவிடலாமா என்கிறார்.

118 வேண்டாம். நடு அகலம் 104 முதல் 110 மி.மீ., நீளம் 180 முதல் 184 செ.மீ., ஒரு ஸ்கீயின் எடை 1.9 முதல் 2.2 கிலோ. இந்த வரம்புக்குள் வாங்குங்கள். அதன் மேல் கிரிப்வாக் ஏற்கும் முழு ஆல்பைன் (இறக்கச் சறுக்கலுக்கான) பைண்டிங், விடுவிப்பு எண், அதாவது எவ்வளவு விசையில் பூட்டை விடும் என்பதைக் குறிக்கும் எண், 4 முதல் 13 வரை உள்ளது. காரணங்கள் கீழே.

குல்மார்க் என்றாலே இடுப்பளவு பவுடர் என்று நினைத்துத்தான் பலரும் மிக அகலமானதை வாங்குகிறார்கள். பனிப்பொழிவு முடிந்த காலையில் அது உண்மைதான். ஆனால் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி சுமார் 2,650 மீட்டரில் தொடங்கி, கொங்டூரி நிலையத்தில் மாறி, அஃபர்வாட் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறக்கிவிடுகிறது. ஒரே இறக்கத்தில் நான்கு வகைப் பனியைக் கடப்பீர்கள். முகட்டில் காற்று அடித்து இறுக்கிய பலகை போன்ற பனி. அதற்குக் கீழே பள்ளங்களில் சேர்ந்த ஆழமான பவுடர். கோண்டோலாவின் கீழுள்ள கிண்ணம் போன்ற சரிவு புதுப்பனி விழுந்து அரை நாளுக்குள் தடம் மேல் தடமாகிக் கட்டி கட்டியாகிவிடும். குல்மார்க்குக்கும் கீழே, பாபாரேஷி பக்கம் மரங்களுக்கிடையே இறங்கினால், வெயில் பட்டு ஈரமேறிய கனத்த பனி. இரண்டு பனிப்பொழிவுகளுக்கு இடையே பல நாள் புதுப்பனியே இல்லாமலும் போகும். பத்து நாளில் உண்மையான பவுடர் மூன்று நான்கு நாள் கிடைத்தால் நல்ல பயணம். மீதி நாட்களுக்கும் சேர்த்துத்தான் ஸ்கீ வாங்க வேண்டும்.

இனி அகலம் செய்யும் வேலை. 88-லிருந்து 108-க்குப் போனால் நடுவில் 20 மி.மீ. கூடுகிறது. முனையும் வாலும் அதே அளவுக்கு விரிவதில்லை என்பதால் மொத்தப் பரப்பு கூடுவது சுமார் 10 முதல் 15 விழுக்காடுதான். மிதப்புக்கு அது உதவும், ஆனால் பவுடரில் முனை மூழ்காமல் காப்பது பெருமளவு வடிவம். முனை சீக்கிரமே மேல்நோக்கி வளையும் ராக்கர், அகலத்தின் உச்சம் முனையிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமைவது, இரண்டும் முக்கியம். 2000-களின் தொடக்கத்தில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி வடிவமைத்த வோலன்ட் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீ இதைத்தான் காட்டியது. அதன் உடல் முழுக்கக் கீழ்நோக்கி வளைந்து முனையும் வாலும் எழும்பி நிற்கும், நடுவே அகலம், இரு கோடிகளும் குறுகல். கெட்டிப் பனியில் அது தத்தளித்தது, பவுடரில் படகு போலப் போனது. இன்றைய ஸ்கீகள் அந்த வளைவை முனையிலும் வாலிலும் மட்டும் எடுத்துக்கொண்டு, காலுக்கடியில் கேம்பரை, அதாவது மேல்நோக்கிய வில்வளைவை, வைத்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அதுதான்: முனையில் நல்ல ராக்கர், வாலில் கொஞ்சம், பூட்டுக்கடியில் கேம்பர்.

கெட்டிப் பனியில் அகலத்துக்கு விலை உண்டு. ஸ்கீயைச் சாய்த்தவுடன் தரை தரும் எதிர்விசை எட்ஜில், அதாவது ஸ்கீயின் ஓர உலோக விளிம்பில், வந்து நிற்கிறது. 88 மி.மீ. ஸ்கீயில் எட்ஜ் பூட்டின் நடுக்கோட்டிலிருந்து 44 மி.மீ. தள்ளி இருக்கும், 118-ல் 59 மி.மீ. அந்தக் கூடுதல் நெம்புகோலைக் கணுக்காலும் முழங்காலும் தாங்க வேண்டும். மாலை மூன்று மணிக்கு உறைந்த தடங்களில் இறங்கும்போது முழங்காலின் உட்பக்கம் வலிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓர் எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாறவும் நேரம் கூடுகிறது. 82-லேயே பழகியவருக்கு 118 முதல் இரண்டு நாள் சேற்றில் நடப்பது போலிருக்கும்.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதைத்தான் தவறாகச் சொல்கிறார்கள். "இலேசானது நல்லது" என்பது ஸ்கீயின் அடியில் வழுக்காத ஏறுதோல் ஒட்டி மேலே நடந்தே ஏறுபவருக்கு. உடைந்து கட்டியான பனியில் உங்களைத் தூக்கியடிப்பது மிதப்புக் குறைவு அல்ல, ஒவ்வொரு கட்டியிலும் முனை திசைமாறுவது. 1.6 கிலோ ஸ்கீ ஒவ்வொரு கட்டியிலும் துள்ளும், 2.1 கிலோ ஸ்கீ கட்டியை உடைத்துக்கொண்டு போகும். உள்ளே டைட்டனல் என்னும் அலுமினியக் கலவைத் தகடு இருந்தால் அதிர்வு மேலும் அடங்கும். ஆனால் முனையிலிருந்து வால்வரை இரண்டு முழுத் தகடு உள்ளவை 75 கிலோக்காரருக்கு மரங்களுக்கிடையே மெதுவாகத் திருப்பும்போது பிடிவாதம் பிடிக்கும். தகடு காலடியில் மட்டும் இருப்பது, அல்லது ஓரங்களில் சட்டம்போல் இருப்பது போதும். பாலோனியா மரம் மட்டுமே வைத்த உட்கட்டு மிக இலேசு, இந்த வேலைக்கு ஏற்றதல்ல. பாப்ளர், பீச், ஆஷ் கலந்தவை பொருந்தும்.

பெயர் கேட்டால்: சலோமன் க்யூஎஸ்டி 106, கே2 மைண்ட்பெண்டர் 108 டிஐ இரண்டும் இந்த இலக்கணத்தில் ஏறத்தாழ அடங்கும். ஃபோல்கல் எம்102 இன்னும் கெட்டிப் பனிப்பக்கம் சாயும், வேகம் கேட்கும். சலோமன் க்யூஎஸ்டி பிளாங்க் 112 மி.மீ., அது பவுடர்ப்பக்கம் சாயும் எல்லைக்கோடு. ஒரே பெயரில் ஆண்டுக்காண்டு உட்கட்டு மாறுகிறது, ஆகவே போன ஆண்டு மாடலைத் தள்ளுபடியில் எடுக்கும்போது எடையும் முனை-நடு-வால் அளவும் பார்த்து வாங்குங்கள். ஸ்கீயின் திருப்ப வளைவு ஆரம் 17 முதல் 20 மீட்டர் இருந்தால் மரங்களுக்குள்ளும் திறந்த சரிவிலும் ஒத்துப்போகும். நீளத்தில், ராக்கர் உள்ள ஸ்கீ கெட்டிப் பனியில் தன் முழு நீளத்தையும் தரையில் வைப்பதில்லை. அதனால் உங்கள் 82-ஐ விட 8, 10 செ.மீ. நீளமானது நீளமாகவே தோன்றாது. 172 செ.மீ. எடுத்தால் பவுடரில் முனைக்கு மேல் கவிழ்வீர்கள்.

பைண்டிங்குக்கு வருவோம். முதலில் பூட் அடி. பழைய ஆல்பைன் அடி ஐஎஸ்ஓ 5355 என்ற தரம்: தட்டையான கடின பிளாஸ்டிக், விரற்பக்க விளிம்பின் தடிமன் 19 மி.மீ. கிரிப்வாக் என்பது ஐஎஸ்ஓ 23223: ரப்பர் கலந்த, முன்பக்கம் வளைந்த அடி. பழைய தரத்துக்கு மட்டும் செய்த பைண்டிங்கில் கிரிப்வாக் பூட் "கிளிக்" என்று நுழைந்துவிடும். அதுதான் ஆபத்து. ரப்பர், பூட்டின் விரற்பகுதி அமரும் வழுக்குத் தகட்டைப் பற்றிக்கொள்ளும், திருகி விழும்போது பக்கவாட்டில் விடாது. பைண்டிங்கின் மேல் கிரிப்வாக், சோல்.ஐடி, எம்என்சி இவற்றில் ஒன்று பொறித்திருக்க வேண்டும். தகட்டின் உயரம் திருகால் மாறும் வகையானால் உங்கள் பூட்டை வைத்தே சரிசெய்ய வேண்டும். வேறொருவர் பூட்டில் சரிசெய்தது உங்களுக்குச் செல்லாது.

விடுவிப்பு எண், பேச்சுவழக்கில் டின், எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், சறுக்கும் பாணி ஐந்தையும் ஐஎஸ்ஓ 11088 அட்டவணையில் வைத்துப் பார்ப்பது. உங்கள் விவரத்துக்கு, வேகமான பாணி என்றாலும், 7-ஐ ஒட்டித்தான் வரும். ஐம்பது வயது கடந்தவருக்கு அட்டவணையே ஒரு படி குறைக்கிறது. ஆகவே 4 முதல் 13 வரை உள்ள மார்க்கர் கிரிஃபான் போன்ற ஒன்றில் உங்கள் எண் வசதியான இடத்தில் அமரும். 6 முதல் 16 வரை உள்ளதை வாங்கினால் அடிமட்டத்தில் நிற்பீர்கள். பெரிய எண் பெரிய வீரருக்கு என்ற எண்ணத்தில் தேவையற்ற எடையையும் பணத்தையும் சேர்க்காதீர்கள். எண்ணை விட எலாஸ்டிக் பயணம் முக்கியம்: பூட் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தும் விடுபடாமல் நடுவுக்குத் திரும்புகிறது என்பது. கட்டியான பனியில் வரும் சிறு அடிகளை விழுங்குவது அதுதான். லுக் பிவட் இதில் பெயர்பெற்றது, முன்பக்கம் 45 மி.மீ., குதிப்பக்கம் 28 மி.மீ. ஆனால் அதன் ஹீல் பகுதி முன்பின் நகரும் இடம் குறைவு, வேறு அடி நீளமுள்ள பூட் வாங்கினால் மறுபடி துளையிட நேரலாம்.

பூட்டின் விரற்பக்கத்தை இரு ஊசிகளால் பிடிக்கும் டெக் பைண்டிங் வேண்டாம். ஏறுவதற்கு அருமை. ஆனால் முன் ஊசிகளில் இந்த எலாஸ்டிக் பயணம் பொதுவாகக் கிடையாது, கெட்டிப் பனியின் அதிர்வு நேராகக் காலுக்கு வரும். குல்மார்க்கில் ஏற்றத்தைப் பெரும்பாலும் கோண்டோலா செய்துவிடுகிறது. தோல் ஒட்டி முகட்டில் நீண்ட தூரம் போக உறுதியாகத் திட்டம் இருந்தால், சலோமன் ஷிஃப்ட் போன்ற கலப்பு வகை பொருந்தும், பூட்டில் ஊசிக்குழி இருக்க வேண்டும். 13 எண் வரை போகும் ஷிஃப்ட் 6-ல் தான் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்.

பிரேக் என்பது ஸ்கீ கழன்றதும் கீழிறங்கிப் பனியில் குத்தி நிறுத்தும், பைண்டிங்கோடு வரும் கம்பி. அதன் அகலம் ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமம் முதல் 15 மி.மீ. கூடுதல் வரை. குறைவானால் கம்பி பக்கச்சுவரில் உரசி, ஸ்கீ கழன்றதும் கீழே இறங்காது. அதிகமானால் ஸ்கீயைச் சாய்க்கும்போது வெளியே நீட்டிய கம்பி பனியில் தட்டும். பலர் தவறவிடும் ஒன்று: அளவுத்தாளில் உள்ளது மிகக் குறுகிய இடத்தின் அகலம். பிரேக் நிற்பது அதற்குப் பின்னால், அங்கே ஸ்கீ ஓரிரு மி.மீ. கூடுதல். 108 ஸ்கீக்கு 110 பிரேக் என்றால் துளையிடும் முன் வைத்துப் பாருங்கள், இல்லையேல் 115 அல்லது 120 எடுங்கள்.

பொருத்துவது பட்டறை வேலை, ஆனால் நீங்கள் கேட்கவேண்டியவை உண்டு. உலோகத் தகடு உள்ள ஸ்கீக்கு 4.1 மி.மீ. துளைமுனை, இல்லாததற்கு 3.5 அல்லது 3.6, ஆழம் இரண்டுக்கும் பொதுவாக 9 மி.மீ. சரியானது ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருக்கும். சின்ன துளையில் திருகினால் தகடு திருகைச் சுற்றி மேலெழும்பும், ஆழம் மிஞ்சினால் அடிப்பரப்பில் கொப்புளம் தெரியும். துளைக்குள் பசை விட வேண்டும், நீர் உள்ளே போய் மரம் ஊறாமலிருக்க. திருகுகள் போசிட்ரைவ் 3 தலை. வீட்டு ஸ்டார் திருப்புளி பார்க்க அதேபோல் இருந்தாலும் தலையை வழித்துவிடும். மையக்கோடு, அதாவது பூட் அடியின் நடுக்குறி நிற்கும் இடம், தயாரிப்பாளர் குறித்த கோட்டிலேயே இருக்கட்டும். மிதப்புக்காகப் பின்னே தள்ளுவதானால் 1 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் பவுடரில் சுகம், மற்ற எல்லாப் பனியிலும் திருப்புவது பாரம்.

தானாகக் கழல்கிறது என்றதும் எண்ணை ஏற்றுவது மிகப் பரவலான தவறு, காலை முறிக்கும் தவறு. முதலில் பார்க்கவேண்டியது முன்னழுத்தம், அதாவது ஹீல் பகுதி பூட்டை முன்னோக்கி நெருக்கும் அளவு. பூட்டை மாட்டிய நிலையில் அதன் காட்டி குறிக்குள் நிற்க வேண்டும். கிரிஃபானில் பின்னால் உள்ள திருகுத்தலை உறையோடு சமமாக இருந்தால் சரி. அடுத்து வழுக்குத் தகட்டின் உயரம். மூன்றாவது பனி: கார் நிறுத்தத்திலோ கோண்டோலா வாசலிலோ நடந்து அடியில் உறைந்த கட்டியோடு மாட்டினால், எந்தச் சரியான எண்ணும் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் கம்பால் தட்டி, பூட் அடியைத் தகட்டின் விளிம்பில் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பட்டறையில் முறுக்குவிசை மானியில் ஒருமுறை சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

புது ஸ்கீ வந்ததும் அடிப்பரப்பில் நேர்விளிம்புக் கம்பி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அகலமான ஸ்கீகள் தொழிற்சாலையிலிருந்தே நடுவில் குழிந்து, எட்ஜ் இரண்டும் உயர்ந்து வருவது உண்டு. அப்படி வந்தால் திருப்பம் தொடங்காது, தொடங்கினால் விடாது. ஆள் தன் திறமையைச் சந்தேகிப்பார். கல்லில் தேய்த்துச் சமமாக்கி, அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை வைக்கச் சொன்னால் தீர்ந்தது.

பையில் போசிட்ரைவ் 3 திருப்புளி, சிறு அரம், மெழுகுக் கட்டி, ஒரு ஜோடி பவுடர் வார் வைத்துக்கொள்ளுங்கள். ஆழப் பனியில் பிரேக் ஸ்கீயை நிறுத்தாது, அது பனிக்கடியில் மீன் போல ஓடி மறையும். வாரின் ஒரு முனையை பைண்டிங்கில் கட்டி, மறு முனையைக் கால்சட்டைக்குள் செருகினால் தேடும் இடம் தெரியும். அதை ஆழமான புதுப்பனியில், பனிச்சரிவு அபாயம் குறைந்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பனிச்சரிவில் சிக்கினால் காலோடு கட்டிய ஸ்கீ நங்கூரமாகி உள்ளே இழுக்கும். கோண்டோலா கிண்ணத்துக்கு வெளியே யாரும் பனிச்சரிவைக் கட்டுப்படுத்தி வைப்பதில்லை. அங்கே போவதானால் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த உடன்வருபவரும், உள்ளூர் வழிகாட்டியும் தேவை. பணம் குறைவாக இருந்தால் ஸ்கீயைப் பழையதாக வாங்கி, மிச்சத்தை இதில் போடுங்கள்.