கூனல் முதுகை நெட்டி எடுத்தால் மூச்சு சீராகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 19 வருடமாக ஓவர்லாக் தைக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் நூல் மில்லில் இருந்தேன். மேல்முதுகு கூன் விழுந்துவிட்டது. முழு மூச்சு இழுக்கப் போனால் நெஞ்சுக்கூடு பாதியிலேயே பிடித்துக்கொள்கிறது. கையால் முதுகை அழுத்தி நெட்டி எடுக்கும் ஒருவரிடம் போனால் முதுகு நிமிரும், மூச்சும் சரியாகும் என்கிறார்கள். போகலாமா? 71 வயது அம்மாவுக்கும் கூன் உண்டு. அவரையும் கூடவே அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: முதுகைக் கையால் அழுத்திச் செய்யும் கை சிகிச்சையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அம்மாவை இப்போதைக்கு அழைத்துப் போக வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்று இரவு தலையணை இல்லாமல் வெறும் பாயில் மல்லாந்து படுங்கள். இரண்டு நிமிடத்தில் முதுகு தரையோடு படிந்து, தாடை மேலே தூக்காமல் பின்னந்தலையும் தரையைத் தொட்டால், உங்களுடையது பெரும்பாலும் பழக்கத்தால் வந்த கூன். எலும்பு வளையவில்லை, தசையும் மூட்டும்தான் இறுகியிருக்கின்றன. தலை தரையைத் தொடவே இல்லை என்றால் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே யாருடைய கையும் முதுகில் படலாம்.

அடுத்தது, உங்கள் கையிலேயே இருக்கும் இஞ்ச் டேப். மார்பைச் சுற்றி டேப்பை வைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு ஓர் அளவு, முழுக்க உள்ளே இழுத்து ஓர் அளவு. நடுவயதில் ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு இஞ்ச் வித்தியாசம் வரும். ஓர் இஞ்சுக்கும் குறைவாக வந்து, காலையில் எழுந்ததும் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து நடமாடிய பிறகு இளகுகிறது என்றால், அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். மூட்டுவாத நோய் மருத்துவரைப் (ருமட்டாலஜிஸ்ட்) பாருங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் முதுகுவலி, கால் மரத்துப்போவது இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

இனி மூச்சு. மூச்சுத் திணறலுக்கு எப்போதும் கூன்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் முதுகைக் காட்ட வருகிறவர்களை முதலில் ஹீமோகுளோபின் பார்க்கத்தான் அனுப்புகிறேன். நீங்கள் நூல் மில்லில் இருந்தவர் வேறு. அந்த நாட்களில் வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகியதா? பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அது பழைய அடையாளம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, காற்று போகும் பாதை குறுகியிருக்கிறதா, நெஞ்சு முழுதாக விரியவில்லையா என்று ஓரளவு பிரித்துக் காட்டும். பாதைதான் குறுகியிருக்கிறது என்றால் முதுகை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த மூச்சு சரியாகாது.

இவையெல்லாம் சரியாக இருக்கிறது, நெஞ்சுக்கூடுதான் விரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். விலா எலும்புகள் 12 ஜோடி. ஒவ்வொன்றும் பின்னால் முதுகெலும்போடு சின்னச் சின்ன மூட்டுகளால் சேர்ந்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது மேல் விலாக்கள் அடிபம்புக் கைப்பிடி போல முன்பக்கம் உயர்கின்றன. கீழ் விலாக்கள் வாளியின் வளையம் போலப் பக்கவாட்டில் தூக்குகின்றன. நீங்கள் ஒன்றரை ஷிப்டு குனிந்து தைக்கும்போது முன்பக்க விலாக்கள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. வயிறு மடிந்து மேலே தள்ளுவதால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடம் இல்லை. உடம்பு என்ன செய்யும்? கழுத்துத் தசைகளைக் கூப்பிட்டு நெஞ்சை மேலே தூக்கச் சொல்லும். சாயங்காலம் கழுத்தும் தோளும் கடுப்பதில் பாதி, ஊசியைப் பார்த்ததால் வந்தது. மீதி, மூச்சு விட்டதால் வந்தது.

இங்கேதான் கை சிகிச்சைக்கு வேலை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, மேல்முதுகு எலும்புகளை ஒவ்வொன்றாகத் தாளகதியில் அழுத்தி விடுவார். நீங்கள் மூச்சை விடும்போது விலாவோடு சேர்ந்து அழுத்தி, இழுக்கும்போது கையை எடுப்பார். மார்பின் முன்தசைகளை நீட்டிவிடுவார். ‘டப்’ என்று சத்தம் வரவேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. விலகிய எலும்பு இடத்துக்கு வந்து உட்காரும் சத்தம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

சிகிச்சை முடிந்து எழுந்ததும் மூச்சு லேசாக இருக்கும். உண்மைதான். வலி குறைந்து, பயந்து இறுகியிருந்த தசை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனால் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோதான் அது நிற்கும். நுரையீரலின் கொள்ளளவு கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. நான் இதைத் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவது என்றே சொல்வேன். விட்ட கையோடு நாலு முறை திறந்து மூடாவிட்டால் மறுபடி இறுகிவிடும்.

அந்தத் திறந்து மூடும் வேலையை வீட்டில் நீங்களே செய்யலாம். துண்டைச் சுருட்டி முதுகின் குறுக்கே, ரவிக்கையின் கழுத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மல்லாந்து, கைகளை விரித்து ஐந்து நிமிடம் படுங்கள். பிறகு உட்கார்ந்து துப்பட்டாவைக் கீழ்விலாவைச் சுற்றிக் கட்டி, மூச்சு இழுக்கும்போது துணி பக்கவாட்டில் இறுகுகிறதா என்று பாருங்கள். தோள் தூக்கக் கூடாது. பத்து மூச்சு போதும். கடைசியாகக் குப்புறப் படுத்து, கைகள் உடம்பை ஒட்டியிருக்க, நெஞ்சை நான்கு விரல் உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். முதுகை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்துவைப்பது இந்தக் கடைசிப் பயிற்சிதான். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு நிமிரும் என்று கேட்பீர்கள். மேல்முதுகில் 20 முதல் 40 டிகிரி வளைவு எல்லோருக்கும் உண்டு. 60 வயதைத் தாண்டிய, கூன் அதிகமானவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017இல் வந்தது. அதில் வளைவு சுமார் 3 டிகிரிதான் குறைந்தது. உங்கள் வயதில், வளைவு இளகும் நிலையில் இருந்தால் இதைவிட நன்றாக எதிர்பார்க்கலாம். பத்து நாளில் நிமிர்த்துகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கண்ணாடி போடுகிறீர்களா? இந்த வயதில் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது சகஜம். ஊசி முனை தெரியாமல்தான் பலர் மெஷின் மேல் கவிழ்கிறார்கள். கண்ணாடியும் மெஷின் விளக்கும் சரியானால் கூனில் ஒரு பங்கு தானாகவே குறையும்.

வாரம் ஒன்றோ இரண்டோ என்று ஆறு முறை சிகிச்சை எடுங்கள். ஒவ்வொரு வாரமும் இஞ்ச் டேப் அளவைக் குறித்து வையுங்கள். ஆறு முறைக்குப் பிறகும் அளவும் மூச்சும் அப்படியே இருந்தால் மேலும் பணம் செலவழிக்காதீர்கள்.

இப்போது அம்மா. எப்போதும் கட்டும் சேலை சமீப காலமாகத் தரையில் புரள்கிறதா? பழைய உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பு நொறுங்கிச் சரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கீழே விழாமலேயே, இருமும்போதோ குடத்தைத் தூக்கும்போதோ இது நடந்துவிடும். பாதிப் பேருக்கு மேல் நடந்ததே தெரியாது. அப்படிப்பட்ட முதுகை வேகமாக அழுத்தினால் அடுத்த எலும்பும் விலாவும் உடையலாம். குனியும் பயிற்சியும் கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வில், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு சரிந்தது. பின்னோக்கி நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம். அது 59 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு எந்தப் பாட்டியையும் குனிந்து காலைத் தொடச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் அம்மாவுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள். டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திச் சோதனை எங்கே செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள். முடிவு வரும்வரை மத்தியானம் அரை மணி நேரம், தலைக்கும் முழங்காலுக்கும் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுக்கட்டும். பேரப்பிள்ளைகள் யாரும் முதுகில் ஏறி மிதிக்க வேண்டாம்.