இயற்கையைப் பார்த்து உங்கள் கிறிஸ்தவ விசுவாசம் பலப்பட்டதுண்டா? எந்தக் காட்சி உங்களைத் தேற்றியது?

உண்டு. காட்சி என்பதைவிட வாசனை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். 1930-களில் வெட்டிய கால்வாய் என்பதால் இன்றைக்கும் இதைப் புதுஆறு என்றுதான் சொல்கிறோம். 2018 ஆடி மாதத்தில் அம்மா இறந்துபோனார்கள். அதே வருடம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர் வழியாகப் போனது. எழுபது தென்னையில் பதினொன்றுதான் நின்றது. எல்லாம் கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்த கன்றுகள். அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. அப்பா நான்கு நாள் தோப்புப் பக்கமே போகவில்லை.

ஆறுதல் சொல்ல உபதேசியார் வந்தார். நல்ல மனிதர். அவர் வீட்டிலும் ஓடு பறந்திருந்தது. யோபு 14:7 வாசித்தார்: "ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு; அது வெட்டிப்போடப்பட்டாலும் திரும்பத் தழைக்கும்." அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தென்னைக்கு அது இல்லைங்க" என்றார். உண்மைதான். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் பக்கத்தில் கிளைவிடாது, அடியிலிருந்தும் துளிர்க்காது, அவ்வளவுதான். உபதேசியாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். விவசாயியிடம் மரத்தைக் காட்டி ஆறுதல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பூவரசு. ஆள் உயரத்தில் முறிந்து வெறும் கட்டையாக நின்றது. கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனபோது அந்தக் கட்டையைச் சுற்றி முள் வெட்டி அடைத்திருந்தது. எதற்கு என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டையில் ஏழெட்டு இடத்தில் துளிர். கன்றுக்குட்டி கடித்துவிடும் என்று அப்பா முள் வைத்திருக்கிறார். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி யோபுவை எடுத்து உபதேசியார் நிறுத்திய இடத்துக்குக் கீழே படித்தேன். வேர் தரையிலே பழமையாகி, கட்டை மண்ணிலே செத்தாலும், "தண்ணீரின் வாசனையினால் அது துளிர்த்து, இளமரம்போலக் கிளைவிடும்."

தண்ணீரின் வாசனை! எத்தனை தடவை படித்த அதிகாரம், இந்த இரண்டு வார்த்தை கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. ஆகஸ்ட் 13-இல்தான் திறந்தார்கள். கல்லணைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கம் வர இன்னும் சில நாள். தண்ணீர் வருகிற அன்றைக்கு நானும் அப்பாவும் கரையில் நின்றோம். புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பாய்ந்து வராது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நாம் நடக்கிற வேகத்தில்தான் வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகரும். வெடிப்புக்குள் இருந்த பூச்சியெல்லாம் வெளியே ஓடிவரும். மைனாவும் கொக்கும் தண்ணீருக்கு முன்னாலேயே நடந்து வரும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மண்வாசம் வந்துவிடும். "வாசம் வருது பாரு" என்றார் அப்பா. வளைவில் இன்னும் தண்ணீர் தெரியவில்லை.

"தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல" என்று 126-ஆம் சங்கீதத்தில் வருமே, அது இஸ்ரவேலின் தெற்கே இருக்கிற வறண்ட ஓடைகளைச் சொல்கிறது. வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடந்து, மழை பெய்தால் திடீரென்று ஓடும். அந்த ஜெபத்தின் தவிப்பு டெல்டாக்காரனுக்குச் சொல்லாமலே புரியும்.

கரையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா கேட்டார். "மரத்துக்குச் சரி. அதுக்கு அடுத்த வசனத்தைப் படிச்சியா?" படித்திருந்தேன். "மனுஷனோவென்றால் செத்தபின் ஒழிந்துபோகிறான்." அம்மாவை நினைத்துத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சம்பாவுக்கு அப்பா சி.ஆர். 1009 நெல் விட்டிருந்தார். நாற்றுப் பறித்து நட்ட மூன்றாம் நாள் வயலைப் பார்த்தால் வயிறு கலங்கும். பயிர் தலை தொங்கி, மஞ்சளித்து, செத்ததுபோலக் கிடக்கும். ஒரு வாரம் பத்து நாள் அப்படி இருந்துவிட்டு வேர் பிடித்துப் பச்சை திரும்பும். அப்புறம் தூர் கட்டும். அப்பா தினமும் காலையில் வரப்பில் போய் நிற்பார். ஒருநாள் வந்து, "அவரும் காத்திருக்கேன்னுதான் சொல்றாரு" என்றார். யோபுவைச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் 14-ஆம் வசனம். மனிதன் செத்தபின் பிழைப்பானா என்று கேட்டுவிட்டு, அந்த நாள் வரும்வரை காத்திருக்கிறேன் என்கிறார் யோபு.

அம்மா உயிர்த்தெழுவார்கள் என்று எனக்கு வயல் நிரூபித்துவிடவில்லை. இயேசு மூன்றாம் நாள் எழுந்தார் என்பதில்தான் அந்த நம்பிக்கை நிற்கிறது. ஆனால் "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்று பவுல் எழுதியதை நான் அதுவரை வாயால்தான் படித்திருந்தேன். வரப்பில் நின்ற அப்பாவைப் பார்த்தபிறகு அது வேறு மாதிரிக் கேட்டது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அப்பா பூவோடு ஒரு பூவரசம் போத்தும் எடுத்து வந்தார், கொட்டகை ஓரத்து மரத்திலிருந்து வெட்டியது. அம்மா கல்லறைக்குத் தள்ளி, சுவர் ஓரமாக நட்டார். மழைக்காலம், பிடித்துக்கொண்டது. இப்போது அதன் நிழலில்தான் நின்று ஜெபிக்கிறோம்.

கேள்வி கேட்டவர் நம் பக்கத்துக்காரராக இருந்தால், உங்கள் ஊர் வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வருகிறது என்று விசாரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள். யோபு 14 படிப்பதானால் 7-ஆம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள், முழுவதையும் படியுங்கள்.