பழைய ரம்ப மெஷினை வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் மூடப்போகும் பட்டறை ஒன்றில் பழைய டேபிள் சா (மேசை ரம்பம்) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விலையைப் பேசுமுன் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 400 வோல்ட், மூன்று ஃபேஸ் (மும்முனை மின்சாரம்) என்று மட்டும் இருந்தால் சாதாரண 230 வோல்ட் பிளக்கில் ஓடாது. 230/400 என்று இரண்டும் இருந்தால், ஒரு ஃபேஸ் மின்சாரத்தை மூன்று ஃபேஸாக மாற்றும் தகுந்த இன்வெர்ட்டர் வைத்து ஓட்ட வழியுண்டு. அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தியதும் பிளேடு சுற்றி ஓயும்வரை காது கொடுங்கள். கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அதை மாற்றிவிடலாம். மேல்துருவும் தேய்த்தால் போய்விடும், நம் ஊர் ஈரப்பதத்தில் அது சகஜம். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். நான் ஒருமுறை புதுப் பெயின்டைப் பார்த்து இழைப்பு மெஷின் வாங்கினேன். அடியில் வெல்டிங் வைத்த விரிசல். ஆறே மாதத்தில் பழைய இரும்புக்குப் போனது.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு இருக்கிறதா? அது இல்லாமல் பலகையைத் தள்ளாதீர்கள். அறுத்த பிளவு மூடி பிளேடைக் கவ்வினால், பலகை உங்கள் மேலேயே பாயும். என்னோடு வேலை செய்தவர் அப்படித்தான் இரண்டு விரல்களை இழந்தார்.