திதிக்குப் போய் உட்கார்ந்தால் நான் பொய்யனா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 37. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கடவுள் நம்பிக்கை இல்லை. அப்பா இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். இப்போது முதல் வருஷத் திதி வருகிறது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நான்தான் உட்கார்ந்து செய்யவேண்டும் என்கிறார் அம்மா. "நீ செய்யலைன்னா அவர் பட்டினியா இருப்பாருடா" என்று அழுகிறார். தங்கை கணவர் "படிச்ச திமிர்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஏன் நம்பிக்கை இல்லை என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒரு சம்பவம்கூட என்னிடம் இல்லை. புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் சண்டை வருகிறது. மனசில் இல்லாததைப் போய்ச் செய்தால் நான் பொய்யனாகிவிட மாட்டேனா? தை மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து வேறு. தாய்மாமன் நான். அங்கேயும் இதே பேச்சு வரும்.
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: தம்பி, கடவுளை நம்பாதவர் என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன ஆச்சு?" என்றுதான். காதல் தோல்வியா, வியாபாரத்தில் நஷ்டமா, சின்ன வயதிலேயே யாராவது செத்துப்போனார்களா. கோயிலுக்குப் போகிறவரை வழிமறித்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. அதனால் சம்பவம் இல்லையே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம். ஒரு வருடம் மாலை போட முடியாமல் போகும், அடுத்த வருடம் போடத் தோன்றாது, அப்புறம் ஒருநாள் யோசித்துப் பார்த்தால் கைகூப்பியே பல வருடம் ஆகியிருக்கும். நிறையப் பேருக்கு நம்பிக்கை இப்படித்தான் சத்தமில்லாமல் கழன்று போகிறது. தேதி கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

எனக்கு ஒரு சம்பவம் உண்டு. சொல்கிறேன். ஆனால் அதை இரவல் வாங்கிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

1967. எனக்கு ஒன்பது வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் டைபாய்டு. எங்கள் வீட்டில் என் தம்பி. மூன்று வீடு தள்ளி, அவனோடு தினமும் பம்பரம் விடுகிற பையன். என் பாட்டி மஞ்சள் துணியில் நாலணாவை முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். அந்த வீட்டு அம்மாவும் முடிந்தாள். இரண்டு துணிக்கும் எங்கள் அம்மியில்தான் மஞ்சள் அரைத்தார்கள். என் தம்பி பிழைத்தான். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

சாவு எனக்குப் புதிதில்லை, கிராமத்தில் வளர்ந்தவள். அதற்குப் பிறகு தெருவில் கிளம்பிய பேச்சுதான் புதிது. "அவ முடிஞ்ச காசுல ஏதோ தீட்டு பட்டிருக்கு" என்றார்கள். அது அந்த அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. பல மாதம் கழித்தும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு நான் தலைக்குக் குளிச்சேனாக்கா? நீங்க பாத்தீங்கல்ல?" என்று என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். நாங்கள் என்னடாவென்றால் சமயபுரத்துக்குப் போய்த் தம்பிக்கு மொட்டை போட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வந்திருந்தோம்.

தம்பி ஏன் பிழைத்தான் என்பது பெரியவளான பிறகுதான் புரிந்தது. என் அப்பா மாதச் சம்பளக்காரர். காய்ச்சல் விடவில்லை என்றதும் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்து, குளோரோமைசிட்டின் வாங்கி வந்தார். வேளை தவறாமல் கொடுத்தார்கள். அந்த வீட்டில் கையில் காசு புரண்டு டவுனுக்கு வண்டி கட்டுவதற்குள் குடலே புண்ணாகிவிட்டது. ஒன்பது வயதில் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு நாலணாவும் ஒரே மாதிரி இருந்தது மட்டும் தெரியும்.

கல்லூரியில் புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் படித்தபோது எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தி அழுத கண்ணோடு நிற்கிறாள். "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்கிறார் புலவர். இப்படிப் படைத்தவன் பண்பு கெட்டவன் என்று. அவரை நாத்திகர் என்று சொல்ல முடியாது. படைத்தவன் ஒருவன் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் திட்டுகிறார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அங்கே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டால் அந்த அம்மாவின் மேல் ஒரு குற்றமும் இல்லாமல் போகிறது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதற்கு மறுபேச்சு உண்டு, எனக்கும் தெரியும். வினைப்பயன் என்பார்கள். ஏழு வயதுப் பையனுக்கு என்ன வினை என்றால் போன ஜென்மத்துக் கணக்கு என்பார்கள். என் பாட்டி அதைச் சொல்லித்தான் மனசை ஆற்றிக்கொண்டாள். எனக்கு ஆறவில்லை. நம்பாமல் இருப்பதற்கு என்னிடம் இருக்கும் சொந்தக் காரணம் இவ்வளவுதான். இதை வைத்து நான் யாரையும் ஜெயித்ததும் கிடையாது.

சரி, திமிருக்கு வருவோம். உங்கள் தங்கை கணவர் சொன்னது ரொம்பப் பழைய வசவு. 1930இல் லாகூர் சிறையில் தூக்குத்தான் என்று தெரிந்தே தீர்ப்புக்குக் காத்திருந்த பகத்சிங் 'நான் ஏன் நாத்திகன்' என்று எழுத உட்கார்ந்ததே இதனால்தான். இவனுக்குத் தலைக்கனம், அதனால்தான் கடவுள் இல்லை என்கிறான் என்று கூட இருந்தவர்களே பேசினார்கள். அவர் கோபப்படவில்லை. இந்துவுக்கு அடுத்த பிறவியில் அரசனாகப் பிறக்கும் ஆசை இருக்கலாம், முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் சொர்க்கம் இருக்கலாம், எனக்குக் கழுத்தில் கயிறு இறுகும் நிமிஷத்தோடு எல்லாம் முடிந்தது என்கிற பொருளில் எழுதினார். அடுத்த மார்ச் 23ஆம் தேதி தூக்கிலிட்டுவிட்டார்கள். வயது 23. அதை 1930களிலேயே ப. ஜீவானந்தம் தமிழில் கொண்டுவந்தார். அந்தச் சின்னப் புத்தகத்துக்காக அவரைக் கைதும் செய்தார்கள். அதில் என்னைப் பிடித்துக்கொண்டது என்னவென்றால், மனிதர் தனக்கு எது ஆறுதல் தராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். திமிர் பிடித்தவன் அதைச் சொல்லமாட்டான். அதற்காகப் பகத்சிங்கைக் கொண்டுபோய் உங்கள் மாப்பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம். அவரிடம் நீங்கள் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியது அம்மாவுக்கு மட்டும்தான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்லக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக் கெடுத்தவள் நான்.

வால்மீகி ராமாயணத்தில் ஜாபாலி என்றொருவர் வருவார். தசரதன் இறந்த பிறகு ராமனைத் திரும்பக் கூப்பிடப் பரதனோடு காட்டுக்குப் போன கூட்டத்தில் அவரும் இருக்கிறார். அவர் ராமனிடம் கேட்கிறார்: இங்கே ஒருவன் சாப்பிட்டது இன்னொருவன் வயிற்றுக்குப் போய்ச் சேருமென்றால், வெளியூர் போகிறவனுக்கு வீட்டிலேயே சிராத்தம் போட்டுவிடலாமே, கட்டுச்சோறு எதற்கு? வாதம் என்று பார்த்தால் அசைக்க முடியாது. என் அப்பா இறந்து முதல் திதி அன்று, படையல் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் இதைச் சொன்னேன். சொந்தச் சரக்கு மாதிரி சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அம்மா பதில் பேசவில்லை. "காக்கா வந்துதான்னு பாரு" என்றார். அப்புறம் அப்பாவுக்கு வைத்த இலையிலிருந்து வாழைக்காய் வறுவலை எடுத்து என் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்தக் கதையில் ஜாபாலிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வருகிறது. அப்பா இறந்த செய்தி கேட்ட ராமன், காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தையையும் பிசைந்து பிண்டம் வைக்கிறான். நாங்கள் சாப்பிடுவது இதுதான், நீங்களும் இதைச் சாப்பிடுங்கள் என்று அழுகிறான். நான் ஜாபாலியை மட்டும் நெட்டுருப் போட்டிருந்தேன், இதைக் கவனிக்கவே இல்லை. உங்கள் அம்மா சொன்ன "பட்டினி"யும் இந்தப் பக்கத்துப் பேச்சு. எத்தனையோ வருடம் ஒரு மனுஷனுக்குச் சோறு போட்டவர், இப்போது போட ஆளில்லாமல் தவிக்கிறார். அதற்குப் போய் ஆன்மா உண்டா இல்லையா என்று பதில் சொல்லாதீர்கள்.

திதிக்கு நாலு நாள் முன்னதாக, மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து அம்மா பக்கத்தில் உட்காருங்கள். "அம்மா, அப்பா எங்கயோ பசியோட இருக்காருன்னு எனக்குத் தோணலை. தோணியிருந்தா உனக்கு முன்னாடி நான் ஓடியிருப்பேன். ஆனா உனக்குத் தோணுது. அதனால நான் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். இதைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தால் என்னைப் பொறுத்தவரை நீங்கள் பொய்யன் ஆகமாட்டீர்கள். சொல்லாமல் போய், பக்தி வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அம்மாவை நம்பவைத்தால்தான் பொய். அம்மா அப்போதும் அழலாம். "நம்பாம செஞ்சா போய்ச் சேருமாடா" என்று கேட்கலாம். தெரியாது என்று சொல்லுங்கள். வேண்டாம், உன் சித்தப்பா மகனை விட்டுச் செய்யச் சொல்கிறேன் என்றால் அதையும் மறுக்காதீர்கள்.

ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கு என்னுடையவர் பெயர் தெரியாது, கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன். அம்மாவிடம் முன்னாடியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கில் அவர் பேசுவார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மந்திரத்தை நம்பித்தான் ஆகவேண்டும் என்று யாரும் உங்கள் மனசுக்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லும்போது நீங்கள் சொல்வதெல்லாம் நிஜம்தானே.

சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்த என் சிநேகிதி இதைப் படித்தால் போன் போட்டுத் திட்டுவாள். தர்ப்பையைக் கையில் வாங்கும்போதே ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே என்று ஆகிவிடுகிறது, இதில் அம்மா ஆசை என்ன வேண்டிக்கிடக்கிறது என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கும் அது உறுத்தினால் ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். வீட்டில் படையலோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, அவருடைய சிநேகிதர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு நீங்களே பரிமாறலாம். சில அம்மாக்கள் இதற்குச் சம்மதித்துவிடுவார்கள். உங்கள் அம்மா எப்படியென்று எனக்குத் தெரியாது.

காதுகுத்து விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. அன்று உங்கள் அம்மாவை எங்கே நிறுத்துவார்கள் என்று யோசித்தீர்களா? தாலி இறங்கி ஒரு வருடம் ஆன பெண். பேத்தியின் விசேஷத்தில் "நீங்க கொஞ்சம் பின்னாடி இருங்கம்மா" என்று யாராவது ஒருவர் பதவிசாகச் சொல்வார். அவரும் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விடுவார். உங்கள் நாத்திகத்துக்கு அங்கேதான் வேலை. குழந்தை உட்காரப் போவது தாய்மாமன் மடியில். சீர்த்தட்டும் உங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. தட்டை அம்மா கையில் கொடுத்து முன்னால் நடக்க விடுங்கள், குழந்தை நெற்றியில் அவர் பொட்டு வைத்த பிறகுதான் மடியில் உட்கார வைப்பேன் என்று சொல்லுங்கள். இதைத் தங்கையிடம் மார்கழியிலேயே பேசிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் பந்தலில் நின்று பேசினால் சண்டைதான் வரும். மாப்பிள்ளை மறுபடியும் திமிர் என்றால், அந்த ஒரு இடத்தில் ஆமாம் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

திதிக்குப் போவதாக முடிவெடுத்தால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். ஐப்பசி முழுக்கத் துலா ஸ்நானத்துக்கு வருகிற கூட்டம் இருக்கும். காவிரியில் தண்ணீர் போகிற சமயம், படியெல்லாம் பாசி. அம்மா இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.