டெட்ராய்ட் – வின்ட்சர் அம்பாசடர் பாலம் தனியாருக்குச் சொந்தமா?

ஆமாம், உண்மைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் கனடாவின் வின்ட்சரையும் இணைக்கும் இந்தத் தொங்கு பாலம் தனியார் பணத்தில் கட்டப்பட்டு 1929 நவம்பரில் திறக்கப்பட்டது. கோபுரங்களுக்கு இடையே 564 மீட்டர். 1931-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வரும்வரை உலகிலேயே நீளமான தொங்கு இடைவெளி இதுதான்.

1979-ல் லாரி போக்குவரத்துத் தொழிலதிபர் மானுவல் மொரூன் இதை வாங்கினார். சுங்கக் கட்டணம் அவர் குடும்ப நிறுவனத்துக்கே போகிறது; பாஸ்போர்ட், சரக்குச் சோதனை மட்டும் அரசுகளின் வேலை. இரு நாட்டு வணிகத்தின் முக்கிய வழி ஒரு குடும்பத்தின் கையில்! 2022 பிப்ரவரியில் போராட்டக்காரர்கள் சில நாட்கள் மறித்தபோது கார் தொழிற்சாலைகளே தடுமாறின. பக்கத்தில் கனடா தன் செலவில் கோர்டி ஹோவ் பாலத்தைக் கட்டியது சும்மா இல்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை: இங்கே அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போக, தெற்கு நோக்கித்தான் போக வேண்டும்.