மலைப்பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஏசி, ஃபேன் செலவே கிடையாது. ஓடிடி சந்தாவை நிறுத்திவிட்டால் மாதச் செலவு பாதியாகக் குறையாதா?

கேட்டவர் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே எங்கோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதைத் தட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக மலைக்குக் குடிவந்து, முதல் கரண்ட் பில்லை இன்னும் பார்க்காதவர்.

குறையாதுங்க. எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன், வேறு யார் கணக்கும் எனக்குத் தெரியாது. நீலகிரியில் கோத்தகிரி பக்கம், அரவேனுவைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நான், வீட்டுக்காரர், அத்தை, பள்ளிக்கூடம் போகும் பையன் என்று வீட்டில் நான்கு பேர். பெரியவள் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். நான் வீட்டிலேயே தைக்கிறேன். "ஓடிடி பார்க்கிற வீட்டுக்கு என்ன கஷ்டம்" என்று கமெண்டில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கஷ்டம் என்று நான் சொல்லவே இல்லை. செலவு எங்கே போகிறது என்றுதான் சொல்ல வருகிறேன்.

கீசரில் போகிறது. குளிர்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், குளிக்கிற சூட்டுக்கு 40 டிகிரி வர வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 0.6 யூனிட் ஆகும். இது என் கணக்கு இல்லை, பையன் தன் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு போட்டது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 2.3 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே, 60 நாளுக்குப் பெருக்கினால் 140 யூனிட். அரசு கொடுக்கிற இலவச 100 யூனிட் குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது. ஆளுக்கு ஒரே ஒரு வாளி, தலைக்கு ஊற்றுவதைச் சேர்க்காமல். பாத்திரம் கழுவ வெந்நீர், மழைக்காலத்தில் காயாத துணியை இஸ்திரி போட்டே காயவைப்பது, அத்தைக்கு மூட்டு வலி வந்தால் ரூம் ஹீட்டர் எல்லாம் தனி. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். எங்கள் 43 இஞ்ச் டிவி ஐந்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான் வரும். இதில் எதை நிறுத்தச் சொல்கிறீர்கள்?

500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இன்னொன்றும் இருக்கிறது. 101 முதல் 200 வரைக்கு இருக்கும் குறைந்த விலையும் அப்போது போய்விடும். அதனால் ரீடிங் எடுக்க வருகிற வாரத்தில் எங்கள் வீட்டில் ஹீட்டர் பரணுக்குப் போய்விடும்.

நான் கல்யாணமாகி வந்தபோது கீசர் கிடையாது. பின்கட்டில் அண்டா, அதன் கீழே கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. காசு செலவில்லாத வெந்நீர்தான், ஆனால் அந்தப் புகையைக் குடித்தது நான். "பழையபடி விறகுக்குப் போகலாமே" என்று யாரும் எழுத வேண்டாம். சோலார் வைக்கச் சொல்பவர்கள் நவம்பரில் ஒரு வாரம் இங்கே வந்து தங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் உங்களைவிட எங்களுக்கு மிச்சம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஓடிடி. எங்களிடம் முதலில் டிஷ்தான் இருந்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மூடுபனி எவ்வளவு இறங்கினாலும் டிஷ் ஓடும், கனமழை வந்தால் படம் நின்றுவிடும். மழைத்துளிதான் அந்த அலைவரிசையை விழுங்குகிறது. சரியாகச் சீரியலில் யாராவது கதவைத் திறக்கிற நேரத்தில் 'நோ சிக்னல்' வரும். அத்தை என்னை முறைப்பார், நான்தான் மழையைப் பெய்ய வைத்த மாதிரி. அதனால் ஃபைபர் இன்டர்நெட் போட்டோம். 399 என்று விளம்பரம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையைவிட்டுப் போவது 471. பையன் பாடம், என் பிளவுஸ் டிசைன் வீடியோ, அத்தை சீரியல் எல்லாம் அதில்தான். ஃபைபருக்கு மழை பயமில்லை, மரம்தான் பயம். ஒரு சில்வர் ஓக் சாய்ந்தால் கரண்ட் கம்பியும் கேபிளும் சேர்ந்தே போகும். மரம் சாயாத நாளில் குரங்கு தொங்கும். லைன் இல்லாத நாட்களுக்குப் பணத்தைக் கழித்துக்கொடுங்கள் என்று கேட்டால் புகார் நம்பர் மட்டும் தருகிறார்கள்.

சந்தா என்று பார்த்தால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கிறோம். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் பேசிக் திட்டத்தை 199 ஆக்கியது, மொபைலுக்கு மட்டும் என்றால் 149. அமேசான் பிரைம் வருடத்துக்கு 1499. 2025 ஜூனிலிருந்து பிரைமில் விளம்பரம் வருகிறது, வேண்டாம் என்றால் இன்னும் 699. எப்படிக் கூட்டினாலும் எங்கள் வீட்டில் மாதம் இருநூறைத் தாண்டாது. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகக் கீழே இறங்கினால் பஸ், டிக்கெட், வழியில் சாப்பாடு என்று அதைப் போலப் பல மடங்கு. இதைச் சொன்னால் "தியேட்டருக்கு ஏன் போக வேண்டும்" என்பீர்கள். சரி, போகவில்லை. அதனால்தான் ஓடிடி.

உண்மையில் கத்தரிக்க வேண்டியது ரீசார்ஜ். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலை ஏற்றிய பிறகு ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி திட்டம் 299. மாதம் என்று நாம் நினைக்கிறோம், அது 28 நாள். வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை. ஒரு போனுக்கு வருடம் 3887 ரூபாய். நான்கு போன் என்றால் 15,548. வீட்டில் வைஃபை இருக்கும்போது இந்த டேட்டாவை யார் தொடுகிறார்கள்? அத்தை வைத்திருப்பது பட்டன் போன், அதற்கும் இதே 299-ஐத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவால் 2025 ஜனவரியிலிருந்து பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் வந்துவிட்டது. 84 நாளுக்கு ஐந்நூறுக்குள் முடிகிறது. கடைத்தெருவில் கேட்டால் "அப்படி எதுவும் இல்லைக்கா" என்றான் ரீசார்ஜ் கடைப் பையன். கம்பெனியின் செயலியில் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனால் இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனைப் பாருங்கள், ஓடிடியை அப்புறம் பார்க்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் எழுதுகிறேன். மே மாதம். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று ஜனம் ஏறும்போது நெட்வொர்க் படுத்துவிடும், மளிகைக் கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். 2024-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, ஆனால் சொந்தக்காரர்களுக்கு அது ஒரு தடையா? திருப்பூரிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்துவிடுவான். "உங்களுக்கென்னங்க்கா, ஃபேன்கூட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் கீசரைப் போட்டுவிட்டு மறந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பில் எகிறிய கதையைப் போனில் சொன்னேன். "அந்த ஓடிடிய நிறுத்திப் பாருங்க்கா, மிச்சமாகும்" என்கிறான். அவன் திருப்பூரில் பார்ப்பதும் எங்கள் பாஸ்வேர்டில்தான்.