கறுப்புக் கல்லில் காந்தம் ஒட்டினால் சுரங்கம் தோண்டலாமா?

கேள்வி: சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் பட்டா நிலம். கிணறு வெட்டியபோது வந்த கறுப்புக் கல்லில் காந்தம் பச்சக்கென்று ஒட்டுகிறது. இரும்பு 62 சதவீதம் என்று லேப் ரிப்போர்ட் காட்டி, சுரங்கக் குத்தகை வாங்கித்தர ஒருவர் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கல் அசலாகவே இருக்கலாம். கஞ்சமலையில் மேக்னடைட் என்ற இரும்புத்தாதுவும் குவார்ட்ஸ் என்ற வெங்கச்சங்கல்லும் வரிவரியாகக் கலந்து கிடக்கின்றன. ஆதிக் கடலடியில் படிந்து, பூமிக்குள் வெந்து இறுகிய பாறை. காந்தம் ஒட்டினால் மேக்னடைட் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். எவ்வளவு என்பது காந்தத்துக்குத் தெரியாது. இந்த மலையில் இரும்பு சுமார் 35 சதவீதம்தான். 62 என்பது கர்நாடகத்துப் பல்லாரி, சத்தீஸ்கரின் பைலாடிலா பக்கத்தில் கிடைக்கும் ஹெமடைட் என்ற வேறு வகை இரும்புத்தாதுவின் கணக்கு. அதில் காந்தம் சரியாக ஒட்டவே ஒட்டாது!

அப்புறம் ரிப்போர்ட்? லேப்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கொடுத்த கல்லைத்தான் அவர் சோதிப்பார், எந்த நிலத்துக் கல் என்று அவருக்கென்ன தெரியும்? வெளியூர்க் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகத் திரியும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

2015 சுரங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரும்புத்தாதுக் குத்தகை அரசு ஏலத்தில்தான் போகும். யாரும் யாருக்கும் 'வாங்கித்தர' முடியாது.

உடனே புரோக்கர், "நிலத்தடிக் கனிமம் நிலத்துக்காரருக்கே என்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே" என்பார். கேரளத்து மலபார் நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. வேறு சட்டம் பறிக்காத வரை கனிமம் நிலத்தோடு சேர்ந்தது என்பது தீர்ப்பு. சரி, உங்களுக்கும் அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். கனிமம் உங்களுடையது, தோண்டும் அனுமதி அரசுடையது. ஆர்சி புக் உங்கள் பேரில் இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாதல்லவா? அந்தத் தீர்ப்பும் சுரங்கச் சட்டத்தின் கட்டுப்பாட்டை எடுத்துவிடவில்லை.

சந்தேகமென்றால் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று முறை அலையவிடுவார்கள். இந்த நாலு வரியைத் தமிழில் எழுதி வாசலில் ஒரு போர்டு வைக்க அவர்களுக்கு என்ன கேடோ தெரியவில்லை, வைத்தால் புரோக்கர் பிழைப்பு பாதி படுத்துவிடும்.

இன்னொன்று, கிணற்றுக் கல்லை லாரியில் ஏற்றி விற்றுவிடாதீர்கள். பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரிலும் வரும்.